செங்குடில் டத்தோ யாருடைய சாமி?

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் என மலேசியாவின் வட சிலாங்கூரில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு காட்சி கண்ணில் படாமல் இருக்காது. பெரிய மரத்தடியிலோ, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்திலோ, கடைவரிசையின் பின்புறத்திலோ சிவப்பு வண்ணம் பூசிய சிறு குடில் ஒன்று நிற்கும். முகப்பில் சீன எழுத்து, முன்னால் ஊதுபத்திச் சாம்பல் நிறைந்த குவளை. உள்ளே அமர்ந்திருப்பவர் மட்டும் சீனரைப்போல இருக்க மாட்டார். நரைத்த தாடி, தலையில் சொங்கோக் என்ற மலாய்த் தொப்பி, இடுப்பில் சாரோங், கையில் கிரிஸ் கத்தியோ கைத்தடியோ. இவரைத்தான் சீனர்கள் டத்தோ கோங் என்கிறார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழருக்கு இவர் பழகிய முகம். பழகிப்போனதாலேயே இவர் யார், ஏன் இந்தக் கோலத்தில் இருக்கிறார் என்ற கேள்வி எழுவதில்லை. கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், சீனர்கள் மலாய்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வழிபாடு, இரண்டு பண்பாடும் கலந்ததன் அடையாளம் என்பது. பள்ளிப் பாடநூலுக்கு அந்தப் பதில் போதும், வரலாற்றுக்குப் போதாது. சீனர்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த வழக்கங்களில் சீன மரபின் பழைய விதியொன்றை மிகக் கண்டிப்பாகக் காத்து நிற்பது இந்தச் செங்குடில்தான் என்பது என் முடிவு. அந்தச் சொங்கோக்கும் அதே விதியால் வந்தது. இதை நிறுவ முடியுமா என்று இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் வழிபாட்டின் விவரங்கள், ஏனென்றால் வாதம் முழுவதும் அவற்றில்தான் நிற்கிறது. டத்தோ கோங்குக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை. சீனக் கோயிலில் பெருநாளன்று வறுத்த பன்றியை முழுதாக வைத்துப் படைக்கும் அதே குடும்பம், டத்தோ குடிலுக்கு வரும்போது கோழி, மஞ்சள் சோறு, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நிப்பா இலைச் சுருட்டு என்று தட்டை மாற்றிக்கொள்கிறது. சீன ஊதுபத்தியோடு கெமெஞான் என்ற சாம்பிராணியும் புகைகிறது. பலரும் வழிபடுவது வியாழக்கிழமை மாலையில். மலாய்க் கணக்கில் அது வெள்ளிக்கிழமை இரவு. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று நிறத்தாலும், பங்ளிமா என்ற படைத்தலைவர் பட்டத்தாலும் டத்தோக்களுக்குப் பெயர்கள் உண்டு. சாமி வந்து ஆடும் சீனர், டத்தோ தம்மேல் இறங்கினால் மலாயில் பேசுவார். இவற்றில் பன்றி விலக்கை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒரு தெய்வ வடிவத்தை எடுத்துக்கொள்பவர்கள் அதைத் தங்கள் உணவுக்கும் சடங்குக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதே உலக வழக்கம். இங்கே சாமியின் பழக்கத்துக்கு ஏற்ப வழிபடுபவர்கள் மாறியிருக்கிறார்கள். இதற்கு விளக்கம் வேண்டும்.

விளக்கத்தைத் தேடித் தென் சீனக் கரைக்குப் போக வேண்டும். ஃபூஜியான், குவாங்தோங் மாநிலங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தெய்வங்களோடுதான் கப்பலேறினார்கள். கடலோடிகளின் தாயான மாட்சு, ஃபூஜியானின் புத்தியான் பகுதியில் மெய்சோ தீவைச் சேர்ந்தவள். குவான் யூ, கி.பி. 220இல் மாண்ட படைத்தலைவன். குவான் யின், கருணைத் தாய். இந்தத் தெய்வங்களை இடம்பெயர்த்துக் கொண்டுபோக ஒரு முறை இருந்தது. தாய்க்கோயிலின் குவளையிலிருந்து ஊதுபத்திச் சாம்பலை எடுத்து, புதிய ஊரின் குவளையில் இட்டால், அங்கே அதே தெய்வத்தின் கிளைக் கோயில் உருவாகிவிடும். கோல சிலாங்கூருக்கு எதிரே ஆற்றின் அக்கரையிலுள்ள பாசிர் பெனம்பாங் முதல் சிகிஞ்சான் வரை மீன்பிடி ஊர்களின் பெரிய சீனக் கோயில்களில் இருப்பவர்கள் இப்படிப் பயணம் செய்யக்கூடிய தெய்வங்கள்தாம். ஆனால் சீன மரபில் வேறொரு வகைத் தெய்வமும் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. அதுதான் நிலத்தின் தெய்வம், தூதி கோங்.

தூதி கோங்கின் தனித்தன்மை, அவர் ஓர் ஆளாக இல்லாமல் ஒரு பதவியாக இருப்பது. சீனா முழுமைக்கும் ஒரே தூதி கோங் கிடையாது. ஒவ்வொரு கிராமத்துக்கும், வயல்வெளிக்கும், பாலத்துக்கும், இடுகாட்டுக்கும் தனித்தனி நிலக்காவலர் உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் அவருக்கு அதிகாரம் இல்லை. பல ஊர்களில், முன்பு அங்கே வாழ்ந்து நல்ல பெயரோடு இறந்த ஒருவரே அந்தப் பதவியில் இருப்பதாக மக்கள் சொல்வார்கள். இது வெறும் நாட்டுப்புற நம்பிக்கையாக நின்றுவிடவில்லை, அரசின் சட்டமாகவும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வு பேரரசரின் ஆட்சியில், கிராமப்புறங்களில் நூறு குடும்பங்களுக்கு ஒரு பலிமேடை அமைத்து, ஐவகை மண்ணுக்கும் ஐவகைத் தானியத்துக்கும் உரிய தெய்வங்களை வழிபட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, கடமையின் அடிப்படை குலமாக இல்லை என்பது. யாருக்குப் பிறந்தாய் என்பதைப் பொறுத்து முன்னோர் வழிபாடு அமைகிறது. எங்கே குடியிருக்கிறாய் என்பதைப் பொறுத்து மண் வழிபாடு அமைகிறது. சீன மாதக் கணக்கில் இரண்டாம் மாதத்தின் இரண்டாம் நாள் தூதி கோங்கின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. விதைப்புக்கு முன் மண்ணுக்குப் படையலிடும் பழைய வழக்கத்தோடு சேர்ந்து வந்த நாள் அது.

இங்கே சீன மரபை அறிந்தவர்கள் ஒரு தடையை எழுப்பக்கூடும். தன் முன்னோர் அல்லாத ஆவிகளுக்குப் படையலிடுவதைக் கன்பூசிய மரபு கண்டித்திருக்கிறதே, அப்படியானால் முன்பின் அறியாத மலாய் முதியவருக்குச் சீனர் படைப்பது மரபை மீறுவதாகாதா என்பது அந்தத் தடை. வலுவான தடைதான். ஆனால் அந்தக் கண்டிப்பு பிறர் குலத்து முன்னோரைத் தன் நன்மைக்காகக் கும்பிட்டு நிற்பதைப் பற்றியது. மண்ணுக்குரிய தெய்வத்தை அது தொடவில்லை. தொட்டிருந்தால், கன்பூசியக் கல்வியில் தேர்ந்த அதிகாரிகள் நிறைந்த மிங் அரசே ஊருக்கு ஊர் மண்ணுக்குப் பலிமேடை அமைக்கச் சொல்லியிருக்காது. இன்னும் சொல்லப்போனால், புதிய ஊரில் குடியேறிவிட்டுப் பழைய ஊரின் தூதி கோங்கையே வணங்கிக்கொண்டிருப்பதுதான் அந்த மரபின்படி பொருளற்றது. அவருடைய எல்லை வேறெங்கோ இருக்கிறது.

ஆக, 19ஆம் நூற்றாண்டில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் இறங்கிய சீன மீனவருக்கும், சுரங்கத் தொழிலாளிக்கும், காடழிக்க வந்த ஒப்பந்தக் கூலிக்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. மாட்சுவையும் குவான் யூவையும் கொண்டுவந்தாயிற்று, இந்த மண்ணுக்குரியவர் யார்? வாடகை வீட்டில் குடிபுகுமுன் வீட்டுக்காரரைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதைப் போன்ற கடமை அது. இதற்குச் சீனர்கள் கண்ட விடை அவர்களுடைய வீடுகளுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மலேசியச் சீனர் வீடுகளில், கடைகளில் தரையோடு தரையாக வைக்கப்பட்டிருக்கும் சிவப்பு மாடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் பலகையில் பொதுவாக இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, ஐந்து திசைக்கும் ஐவகை மண்ணுக்கும் உரிய நாக தெய்வத்தை அழைப்பது. மற்றது, சீனருக்கும் இந்நாட்டாருக்கும் உரிய நிலத்தலைவரை அழைப்பது. முதல் வரியில் ஹொங்வு காலத்துச் சட்டத்தின் ஐவகை மண் அப்படியே வந்து நிற்கிறது. இரண்டாம் வரி, இந்த மண்ணுக்கு ஏற்கெனவே உள்ளூர்த் தலைவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறது. சிகிஞ்சானுக்கு நெல்வயலையும் கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் மரத்தையும் பார்க்க வரும் பயணிகள் எடுக்கும் படங்களில் இந்தத் தரை மாடம் இடம்பெறுவதில்லை. என் கணிப்பில், அந்த ஊரின் வரலாற்றை அறிய அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை.

அயல் மண்ணில் கால் வைத்ததும் அந்த மண்ணின் தெய்வத்துக்கு முறை செய்வது கூலியாக வந்தவர்களின் அச்சத்தில் பிறந்த பழக்கம் என்று சொல்பவர்கள் இலங்கையின் காலிக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். தமிழர்களுக்கு அது உறவுள்ள கல்வெட்டும்கூட. மிங் பேரரசர் யோங்லே அனுப்பிய செங் ஹோவின் கடற்படையோடு தொடர்புடைய அந்தக் கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள். சீன மொழிப் பகுதி புத்தருக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற திருமாலுக்குப் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலியவற்றைப் படைத்த பட்டியலைத் தருகிறது. தெனவரை என்பது இலங்கையின் தென்முனையிலுள்ள இன்றைய தேவேந்திரமுனை. அன்றைய உலகின் மாபெரும் கடற்படை யாருக்கும் அஞ்ச வேண்டிய நிலையில் இல்லை. ஆனாலும் அந்தக் கரையின் தெய்வத்துக்கு, அந்தக் கரையில் வழங்கிய மொழியில், சீனப் பேரரசர் பெயரால் காணிக்கை போயிருக்கிறது. வணிகக் கணக்கும் அரசியல் கணக்கும் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் போடுகிறவர் எந்த முறையைக் கையாளுகிறார் என்பது அவர் மரபைக் காட்டிவிடும். பேரரசர் காலியில் கல்லில் வெட்டிச் செய்ததைத்தான் நான்கைந்து நூற்றாண்டு கழித்து மீனவர் பாசிர் பெனம்பாங்கில் பலகைக் குடிலில் செய்தார் என்பேன்.

சிலாங்கூர் மண்ணில் அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையும் தயாராகவே இருந்தது. மலாய்க்காரர்களிடம் கெராமாட் என்ற புனித இடங்களின் மரபு இருந்தது. மலாய் ஆய்வாளரான ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1924இல் எழுதிய கட்டுரையில் கெராமாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: பாறை, மலையுச்சி, மரம் போன்ற இயற்கைப் பொருள்கள், புலி, முதலை போன்ற விலங்குகள், மந்திரவாதிகளின் கல்லறைகள், ஊரை நிறுவியவர்களின் கல்லறைகள், இஸ்லாமிய மகான்களின் அடக்கத்தலங்கள், உயிரோடிருக்கும் மகான்கள். இந்தப் பட்டியலில் நான்காவது வகையைத் தூதி கோங் மரபோடு வைத்துப் பாருங்கள். ஊரை முதலில் உண்டாக்கியவர் இறந்தபின் அந்த ஊரைக் காக்கிறார் என்ற எண்ணம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்திக் குன்றில் சிலாங்கூரின் முதல் சுல்தான் சாலேஹூடினும் அடுத்து வந்த இருவரும் அடக்கமாகியிருக்கிறார்கள். நிறுவியவரின் கல்லறை மதிப்புக்குரிய இடம் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விலங்கு வகைக்கும் இங்கே சான்று உண்டு. 1883 அக்டோபரில் கோலகுபுவின் அணை உடைந்து ஊர் மூழ்கியது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். அந்த இடத்தைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதுதான் காரணம் என்ற கதை இன்றுவரை அங்கே சொல்லப்படுகிறது. நிலத்துக்குக் காவலர் உண்டு, அவரை மதிக்காதவர் அழிவார் என்ற நம்பிக்கை இந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்தக் கதை போதும்.

இங்கேதான் என் வாதத்துக்கு மிகக் கடினமான தடை வருகிறது. இறந்த முன்னோடி நிலக்காவலர் ஆகலாம் என்றால், சீனர்கள் தங்களில் இறந்த ஒருவரையே அந்தப் பதவியில் வைத்திருக்கலாமே, மலாய் முதியவர் எதற்கு? உண்மையில் அவர்கள் அப்படியும் செய்திருக்கிறார்கள். பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் துவா பெக் கோங் என்ற காவல் தெய்வமாக வணங்கப்படும் சாங் லி, பிரிட்டிஷ்காரரான ஃபிரான்சிஸ் லைட் 1786இல் வருவதற்கு முன்பே அங்கே வந்து சேர்ந்த ஹக்கா சீன முன்னோடி என்பது மரபு. சிலாங்கூருக்கு இன்னும் நெருங்கிய சான்று சின் சே யா. சுங்கை ஊஜோங்கின் சீனக் கப்பித்தானாக இருந்த ஷெங் மிங்லி, 1860ஆம் ஆண்டளவில் அங்கே நடந்த மோதலில் கொல்லப்பட்டார். அவருடைய உடலிலிருந்து வெண்குருதி வழிந்தது என்ற கதை பரவி, அவர் சின் சே யா என்ற தெய்வமானார். அதே மோதலில் காயம்பட்டுத் தப்பி, பின்னாளில் கோலாலம்பூரின் கப்பித்தானான யாப் ஆ லோய் 1864இல் கோலாலம்பூரில் அவருக்குக் கோயில் எடுத்ததாகக் கோயில் மரபு சொல்கிறது. ரவாங்கிலும் செரண்டாவிலும் அவருக்குக் கோயில்கள் இருக்கின்றன. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு வணங்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்ட மதுரை வீரன் காவல் தெய்வமாகி, தோட்டத்துக் கோயில்வரை வந்திருக்கிறான்.

ஆனால் சின் சே யா கோயில்கள் எங்கே இருக்கின்றன, டத்தோ குடில்கள் எங்கே மிகுந்திருக்கின்றன என்று பார்த்தால் தடைக்கு விடை கிடைக்கும். கோலாலம்பூர், ரவாங், செரண்டா எல்லாம் ஈயச் சுரங்கத்தால் எழுந்த ஊர்கள். அந்தச் சந்தையையும் தெருவையும் உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் சீனர்கள்தாம். அங்கே ஊர் நிறுவியவர் பதவிக்குச் சீனர் ஒருவர் வருவது இயல்பு. காட்டோரமும் ஆற்றோரமும் தோட்டமும் வேறு கதை. அங்கே சீனர் வரும்போதே மலாய்க்காரரின் காலடி இருந்தது, அதற்கு முன் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியின் காலடி இருந்தது. முந்தியவரே மண்ணுக்குரியவர் என்ற விதியை நேர்மையாகக் கடைப்பிடித்தால், அங்கே காவலர் சொங்கோக் அணிந்துதான் இருப்பார். எல்லா டத்தோக்களும் மலாய்க்காரர்கள் அல்லர் என்பதும் இதையே காட்டுகிறது. ஓராங் அஸ்லி டத்தோ உண்டு, சீன டத்தோ உண்டு, இந்திய டத்தோவும் உண்டு. எந்த மண்ணில் யார் முந்தினாரோ அவருக்கே குடில்.

வட சிலாங்கூரின் நில வரலாறு இந்த விதிக்கு நிறைய வேலை கொடுத்தது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியர் 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் தொடங்கினார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையின் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டத்தில் அவர் நட்ட செம்பனைதான் மலாயாவில் வணிக நோக்கில் பயிரிட்ட முதல் செம்பனை. தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பது தொழிலாளர் லயத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடும். ஆனால் லயம் எழுவதற்கு முன்பு காட்டை வெட்டுவதும் கால்வாய் தோண்டுவதும் நடந்தாக வேண்டும். அந்த வேலைகள் பெரும்பாலும் சீன, ஜாவானிய ஒப்பந்தக் குழுக்களிடம் விடப்பட்டன. கெப்பாலா என்ற குழுத்தலைவரின் கீழ் கொங்சி என்ற பொதுவீட்டில் தங்கி, மரத்தை வெட்டிச் சாய்த்தவர்களுக்குத்தான் காட்டுக்குரியவரிடம் சொல்லிவிட்டு வெட்ட வேண்டிய தேவை முதலில் வந்தது. பின்னாளில் பெர்ஜுந்தையில் ஈயம் எடுக்கும் மிதவைக் கப்பல்கள் மண்ணைத் தோண்டின. தஞ்சோங் காராங்கின் சதுப்பு நிலம் பாசனத் திட்டத்தால் நெல்வயலானது. 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அவசரகாலம் பிறந்து, 1950இல் மக்களைக் குடிபெயர்க்கும் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், காட்டோரக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்காத மண்ணில் குடியேறிய மக்களுக்கும் அந்த மண்ணின் காவலரை வணங்கும் கடமை இருந்தது. புதுக்கிராமங்களில் பொதுக்கோயிலோடு டத்தோ குடிலும் காணப்படுவது அதனால்தான் என்று கருதுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், இது சிறுபான்மையினர் மண்ணின் மைந்தர்களைத் திருப்திப்படுத்தச் செய்த ஏற்பாடு என்ற விளக்கத்தைச் சிலர் விடமாட்டார்கள். அதில் ஓர் உண்மை இருக்கிறது. தெய்வ உலகில் மலாய்க்காரரைத் தலைவராக வைப்பது நில உரிமை பற்றிய ஓர் ஒப்புதலும்தான். ஆனால் திருப்திப்படுத்துவது நோக்கமாக இருந்திருந்தால், திருப்தி அடைய வேண்டியவர்கள் அதை விரும்பாத நிலை வந்தபோது வழக்கம் நின்றிருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் இஸ்லாமியச் சீர்திருத்தக் கருத்துகள் பரவப் பரவ, கெராமாட் வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று மலாய்ச் சமூகம் அதிலிருந்து விலகியது. இன்று டத்தோ குடிலைப் பார்த்து மகிழும் மலாய்க்காரர் அரிது. முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படியும் குடில்கள் குறையவில்லை. தவிர, சீனரே நிறைந்து வாழும் தெருவிலும், பிறர் கண்ணில் படாத தொழிற்சாலைப் பின்கட்டிலும் அவை நிற்கின்றன. யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் பிடிக்காத காலத்தில் தொடரும் வழக்கத்தை அரசியல் உத்தி என்று சொல்ல முடியாது.

ஒரு வாதம் சரியா என்று அறிய, அதை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்ல சோதனை. டத்தோ கோங் மலாய்ப் பண்பாட்டின் மேலுள்ள தனிக் கவர்ச்சியால் வந்தவர் என்றால், மலாய் உலகத்துக்கு வெளியே இப்படி எதுவும் இருக்கக் கூடாது. மண்ணுக்குரியவரைத் தேடும் சீன விதியால் வந்தவர் என்றால், நாடு மாறும்போது அவர் முகமும் மாற வேண்டும். பாங்காக்கில் சீன வம்சாவளியினர் வீட்டுத் தரையில் சிவப்புச் சீன மாடம் இருக்கிறது; முற்றத்தில் தூண்மேல் நிற்கும் தாய்லாந்துப் பாணிச் சிறு கோயிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் கூசு தீவில், சீன ஒன்பதாம் மாதத்தில் படகேறி வரும் பக்தர்கள் துவா பெக் கோங்கைக் கும்பிட்டுவிட்டுக் குன்றேறி மலாய்க் கெராமாட்டுகளையும் வணங்கி வந்தார்கள். கொல்கத்தாவின் தாங்ராவில் சீனர்கள் பராமரிக்கும் காளி கோயில் உண்டு; மரத்தடியில் உள்ளூர் மக்கள் குங்குமமிட்டு வணங்கிய கற்களிலிருந்து தொடங்கியது அது. அங்கே படையலில் நூடுல்சும் இடம்பெறும் என்பதைத்தான் செய்தித்தாள்கள் வியந்து எழுதும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கற்கள். சீனர்கள் வருமுன்பே அங்கிருந்த மண்ணின் சாமியை அவர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பாங்காக்கில் தாய்லாந்து முகம், தாங்ராவில் காளி முகம், கோல சிலாங்கூரில் சொங்கோக். விதி ஒன்றுதான்.

இனி நம் பக்கம். தோட்டத்தின் நடுவில் மாரியம்மன், எல்லையில் முனியாண்டி என்பது வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் காணும் அமைப்பு. மரத்தடியில் கல், சூலம், சுருட்டு, கோழி, கிடா வெட்டு. செங்குடிலும் முனியாண்டி மேடையும் ஒரே சாலையின் இரு பக்கம் நிற்பதைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். எல்லையைக் காப்பது, காட்டு விலங்கிலிருந்து காப்பது, இரவில் வழி நடப்பவருக்குத் துணையாவது என்று வேலை ஒன்றாகத்தான் இருக்கிறது. சீனர் முனியாண்டிக்கு ஊதுபத்தி ஏற்றுவதும், தமிழர் டத்தோ குடிலைக் கும்பிட்டுக் கடப்பதும் அதனால் எளிதாக நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு ஆழமானது. தமிழ் மரபில் காவல் தெய்வத்தை இடம்பெயர்க்க வழி இருக்கிறது. குலசாமியின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதிய ஊரில் கோயில் எடுக்கலாம். சீனருக்குச் சாம்பலால் பெயர்க்கக்கூடிய தெய்வம் வேறு, பெயர்க்க முடியாத மண் தெய்வம் வேறு. நமக்கோ மண்ணையே கையில் எடுத்துப்போக முடியும். அதனால்தான் முனியாண்டி தோட்டத்துக்கு வந்த பிறகும் தமிழ்நாட்டு முனியாண்டியாகவே இருக்கிறார். சாமியாடியின் வாயில் தமிழ் பேசுகிறார். டத்தோவோ சீனர்மேல் இறங்கியும் மலாய் பேசுகிறார். அருள்வாக்கின் மொழியை வைத்தே இரு மரபும் புலம்பெயர்வை எப்படி எதிர்கொண்டன என்று சொல்லிவிடலாம். ஒருவர் தம் மண்ணைக் கொண்டுவந்து இந்த மண்ணில் சேர்த்தார், மற்றவர் இந்த மண்ணின் உடையவரைக் கண்டு வணங்கினார். எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு நாட்டார் வழிபாடு என்று பெயர் எழுதிவிட்டால் இரண்டின் வரலாறும் தொலைந்துபோகும்.

தொலைந்துபோகும் என்பது வெறும் பேச்சுக்காகச் சொன்னதல்ல. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனதும் பல மேடைகளையும் குடில்களையும் அசைத்துவிட்டன. நிலப்பட்டா இல்லாத தோட்டத்துக் கோயில் படும் பாடு வாசகர்களுக்குத் தெரியும். கட்டுமானம் தொடங்கும் இடத்தில் முதல் வேலையாக டத்தோவுக்குக் குடில் வைக்கும் சீன ஒப்பந்தக்காரர்களை இன்றும் காணலாம். மண்ணைக் கிளறுமுன் உடையவரிடம் கேட்கும் விதி அங்கே உயிரோடிருக்கிறது. ஆனால் அந்த உடையவர் யார் என்ற நினைவு மங்கிவருகிறது. பல குடில்களில் இப்போது பெயரில்லாத, கடையில் வாங்கி வைத்த ஒரே அச்சு உருவம்தான். முன்பு ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் இருந்தன: இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த மருத்துவர், இந்தக் கழிமுகத்தைக் காத்த பங்ளிமா, இந்த மேட்டில் முதலில் குடிசை போட்டவர். மலாய்ச் சமூகம் மார்க்கக் காரணங்களால் சொல்லாமல் விட்ட ஊர் முன்னோரின் நினைவுகளில் சில, சீன முதியவர்களின் வாயில்தான் மிஞ்சியிருக்கின்றன. சிகிஞ்சானிலும் தஞ்சோங் காராங்கிலும் ஈஜோக்கிலும் உள்ள சீனப் பள்ளிகளும் கோயில் குழுக்களும் ஒவ்வொரு குடிலின் டத்தோ பெயர், குடில் வைத்த குடும்பத்தின் தொழில், வைத்த காலம், முன்பு அந்த இடத்தில் இருந்த மரம் அல்லது கல்லறை, அருள்வாக்கின் மொழி ஆகியவற்றை இப்போதே எழுதி வைக்க வேண்டும். முனியாண்டி மேடைகளுக்குப் பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை நாமும் அதே கையோடு எழுதி வைக்க வேண்டும்.